குட்டைக்கு ஆடி வருகிறது, தை வருவதில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர் ஊத்துக்குளி சாலைப் பக்கம் இருக்கும் எங்கள் பகுதிக் குட்டையில் மாசி மாதம் நடந்த விழாவைப் பற்றித் தங்கள் நாளிதழ் படத்துடன் செய்தி வெளியிட்டிருந்தது. தெருவே மகிழ்ந்தது. டீக்கடைக்காரர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். செய்தியில் ஒரு வரிகூடத் தவறில்லை. ஆனால் படம் நாற்று நடுகிற படம்; தலைப்பிலும் நாற்று நடு விழா என்றே இருந்தது. விழா விடிகாலையில் தொடங்கிப் பத்து மணி வரை நடந்தது. நாற்று நட்டது அதில் கடைசிக் கால் மணி நேரம். அதற்கு முன் நடந்தது அறுப்பு: கழிவுநீரைத் தெளியவைக்கக் குட்டையில் வளர்த்த செடிகளை அறுத்து வெளியேற்றும் வேலை. நாங்கள் விழா வைத்ததே அறுப்புக்குத்தான். அதைப் பற்றி எழுதவே இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். போர்வெல் மோட்டார்களை மேலே எடுத்துப் பழுது பார்த்து இறக்கிக் கொடுப்பதுதான் இளவயதிலிருந்து தொழில். தண்ணீரைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் மோட்டாரைக் கழற்றிப் பார்த்து அறிந்ததே. தண்ணீரை மேலே தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரில் வெள்ளையாகப் படிந்திருந்தால் ஒரு செய்தி, இரும்புக் குழாய் செதில் செதிலாக உதிர்ந்தால் வேறொரு செய்தி. குட்டையை ஒட்டிய தெருக்களில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அங்கே வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால் தாமிரக் கம்பி கறுத்திருக்கும், வெள்ளி முலாம் பூசிய காண்டாக்ட் முனைகளும் கறுத்திருக்கும். சாக்கடைத் தேக்கத்தில் காற்றே இல்லாத அடிச்சேற்றிலிருந்து கிளம்புகிற ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் வேலை அது. அழுகிய முட்டை நாற்றம் என்று மக்கள் சொல்வதும் அதைத்தான். மூக்குக்கு நாற்றம் பழகிவிடும். தாமிரத்துக்குப் பழகாது, கறுத்துக்கொண்டே இருக்கும்.

என் அப்பாரு காலத்தில் அந்தக் குட்டை மாடு குளிப்பாட்டுகிற இடம். வடக்கேயிருந்து வரும் மழைத் தண்ணீர் அதில் நிற்கும்; நிரம்பினால் ஓடை வழியாக நல்லாற்றில் சேரும். நல்லாறு நஞ்சராயன் குளத்துக்குப் போகிறது, அங்கிருந்து நொய்யலுக்கு, நொய்யல் வழியே கரூர் மாவட்டத்தில் காவிரிக்கு. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலுக்கு இப்படி எத்தனையோ ஊர்க் குட்டைகள்தாம் பக்கத் துணை. பனியன் தொழில் வளர்ந்தது, லைன் வீடுகள் பெருகின, வீட்டுக் கழிவுநீர் அத்தனையும் மழைநீர்ப் பாதையில் திரும்பியது. மழைக்கு மட்டும் தண்ணீர் கண்ட குட்டையில் ஆண்டு முழுவதும் தண்ணீர் நின்றது. அதன் மேல் ஆகாயத்தாமரை பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

அதைச் சுத்தம் செய்யாமல் யாரும் விட்டுவிடவில்லை. பொக்லைன் வந்தது, பலமுறை வந்தது. ஒவ்வொரு முறையும் கரையில் பந்தல் போட்டு, மரக்கன்று நட்டு, கையுறை மாட்டிய விருந்தினர்கள் நாலு கொத்துச் செடியைத் தூக்கிப் போட்டு, படம் எடுத்துக்கொண்டார்கள். வந்தவர்களின் நல்லெண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி நல்ல தீனி கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். தீனியோ குழாய் குழாயாக வந்துகொண்டே இருந்தது. செடியை எடுத்தார்கள், தீனியை யாரும் எடுக்கவில்லை.

கல்லூரியில் தாவரவியல் நடத்துகிற ஓர் அம்மா எங்கள் தெருவில் குடியிருக்கிறார். இதை எங்களுக்கு முதலில் விளக்கியவர் அவர்தான். செடியைப் பகையாக நினைக்காதீர்கள், நமக்கு வேண்டிய செடியை வைத்து அதே வேலையை வாங்குவோம் என்றார். நகரக் கழிவுநீரை உயிர்களைக் கொண்டே தெளியவைக்கும் இந்த முறைக்கு உயிரிவழிச் சீரமைப்பு என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். எங்கள் மகளிர் குழுப் பெண்கள் அதை ‘வேர்த் தொட்டி’ என்கிறார்கள். எனக்கும் அந்தப் பெயரே பிடித்திருக்கிறது.

கழிவுநீர் நுழையும் வாயில் முதலில் ஒரு கசடு தங்கும் தொட்டி. மணலும் எடையுள்ள அழுக்கும் அங்கேயே படிந்துவிடும். அடுத்து ஜல்லி நிரப்பிய நீண்ட படுகை, அதில் கல்வாழையும் சம்பங்கோரையும். அதைத் தாண்டித் திறந்த தண்ணீரில் மிதவைகள். மிதவை கட்டுவதுதான் என் பங்கு. பழுதான போர்வெல்களிலிருந்து எடுத்த கறுப்பு எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாய்கள் என் கடைக்குப் பின்னால் குவிந்து கிடந்தன. அவற்றைத் துண்டு போட்டு, இரு முனையையும் காற்றுப் புகாமல் அடைத்து, சதுரச் சட்டமாகக் கட்டி, நடுவில் வலை பின்னி, மேலே தென்னைநார் விரித்தோம். அதில் வெட்டிவேர். இன்னொரு மூலையில், யாரும் திரும்ப வாங்க வராத ஒரு பழைய மோட்டாருக்குக் காயில் கட்டி, ஒரு சிறிய காற்றுக் கம்ப்ரசரை ஓட்டினோம். இரவில் பச்சையம் வேலை செய்யாது, தண்ணீரில் காற்று குறையும். அந்த நேரத்துக்கு மட்டும் அது ஓடுகிறது.

நட்ட சில மாதங்களில் ஒரு மிதவையைக் கவிழ்த்துப் பார்த்தோம். அன்று பார்த்ததைத் தங்கள் வாசகர்கள் எல்லாரும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வெட்டிவேரின் வேர்கள் தண்ணீரில் கை நீளத்துக்குத் தொங்கின. தொட்டால் ஒவ்வொரு வேரும் வழவழப்பாக இருந்தது. அந்த வழவழப்புதான் உண்மையான தொழிலாளி. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வேரைப் பற்றிக்கொண்டு படலமாக வாழ்கின்றன. கோரையின் தண்டுக்குள் வெற்றுக் குழல்கள் உண்டு. மேலே இழுத்த காற்றை அவை வேர் வரை கொண்டுபோகின்றன. வேரை ஒட்டிக் காற்று உள்ள இடத்தில் ஒரு வகை நுண்ணுயிர், கழிவில் உள்ள அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறது. சற்றுத் தள்ளிக் காற்றில்லாத இடத்தில் இன்னொரு வகை, அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி ஆகாயத்துக்கே அனுப்பிவிடுகிறது. வேர் வழியாகவும் கம்ப்ரசர் வழியாகவும் தண்ணீரில் காற்று சேர்ந்ததால் நாற்றமும் குறைந்தது. கரையை ஒட்டிய வீடுகளில் நான் மாற்றிக் கொடுத்த காண்டாக்ட்டுகள் இப்போது முன்போலக் கறுப்பதில்லை. அரசு ஆய்வகத்தின் தாள் எனக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் கண்ணுக்கு இந்தச் சாட்சி போதும்.

இனி நான் சொல்ல வந்த இடம். நைட்ரஜன் வாயுவாகப் பறந்துவிடும். கழிவுநீரில் அதன் கூடவே வருகிற பாஸ்பரஸ் பறக்காது. மலத்திலிருந்தும் சோப்புத் தூளிலிருந்தும் வருகிற பாஸ்பரஸ் வாயுவாகிப் போவதற்கு வழியே இல்லை. ஒன்று அது சேற்றில் படியும், இல்லையென்றால் செடிக்குள் ஏறும். செடிக்குள் ஏறியதை நாம் அறுத்து வெளியே கொண்டுபோனால் மட்டுமே குட்டையை விட்டுப் போகும். அறுக்காமல் விட்டால் கோரை முற்றும், காயும், சாயும், தண்ணீரிலேயே அழுகும். உண்டது முழுவதையும் திரும்பக் குட்டையிலேயே கக்கிவிடும். அழுகும்போது தண்ணீரில் இருக்கிற காற்றையும் குடித்துவிடும். ஆண்டு முழுக்க உழைத்த படுகை, அறுப்பு நடக்காவிட்டால் தன் உழைப்பைத் தானே அழித்துவிடுகிறது. மிதவை கட்டிப் படம் எடுத்து, பிறகு யாரும் எட்டிப் பார்க்காத குளங்களுக்கு நேர்வது இதுதான். பார்த்தவர்கள், இந்த முறையே பலிக்காது என்று சொல்லிப் போய்விடுகிறார்கள்.

நமக்கு விதைப்புக்கும் நோம்பி உண்டு, அறுப்புக்கும் நோம்பி உண்டு. ஆடிப் பதினெட்டுக்கு முளைப்பாரி எடுக்கிறோம், தையில் பொங்கல் வைக்கிறோம். கொங்கு நாட்டில் எந்தக் குடியானவரும் ஆடியை மட்டும் கொண்டாடிவிட்டுத் தையை மறந்ததில்லை. குளங்களுக்கும் குட்டைகளுக்கும் மட்டும் ஏன் ஆடி மட்டுமே வருகிறது? எந்தக் குளக்கரையில் பார்த்தாலும் நடுவிழாக் கல்வெட்டு இருக்கிறது. அறுவடை விழாவுக்கு ஒரு கல்வெட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

அதனால்தான் எங்கள் பகுதியில் மாசி அறுப்பை நோம்பியாக வைத்தோம்.

விடியும் முன் டார்ச் விளக்குடன் முதலில் இறங்கியவர்கள் பறவை பார்க்கிற இளைஞர்கள் இருவர். நீலத் தாழைக்கோழியும் முக்குளிப்பானும் கோரைக்குள் கூடு வைத்திருக்கும். கூடு இருக்கிற இடங்களைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தார்கள். சிவப்புத் துணிக்குள் அரிவாள் போகக் கூடாது. மொத்தத்திலும் மூன்றில் ஒரு பங்கை அறுக்காமல் விடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். அடுத்த அறுப்பில் அந்தப் பங்கு, வேறொரு பங்கு ஓய்வில். ஒரேயடியாக மொட்டை அடித்தால் பறவைக்கும் இடம் இல்லை, அன்று வருகிற கழிவுநீரை வாங்கிக்கொள்ள வேரும் இல்லை.

அறுப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. சம்பங்கோரையைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே அறுக்க வேண்டும். மட்டத்துக்குக் கீழே அறுத்தால் வெட்டுவாய் தண்ணீருக்குள் மூழ்கிவிடும், கிழங்குக்குக் காற்று போகாது, செத்துவிடும். கோரையை ஒழிக்க நினைப்பவர்கள் வேண்டுமென்றே அப்படி அறுப்பார்கள். கல்வாழையில் பூத்து ஓய்ந்த தண்டை மட்டும் அடியோடு எடுக்க வேண்டும். பக்கக் கன்று தானே எழும். வெட்டிவேரின் தோகையை முழங்கால் உயரத்துக்கு விட்டுக் கத்தரித்தால் போதும், வேரைத் தொடக் கூடாது. இந்த மூன்றையும் கரையில் ஒரு பலகையில் படம் வரைந்து மாட்டியிருந்தார், ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர். தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காகவே படம்.

தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் என்று சொன்னேன். எங்கள் தெருவில் பாதி லைன் வீடுகளில் இருப்பது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். அவர்களை இந்த வேலைக்கு அழைக்க வேண்டும் என்று முதலில் யாருக்கும் தோன்றவில்லை. தீபாவளி முடிந்த ஆறாம் நாள் பீகார்ப் பெண்கள் சத் பூசைக்குத் தண்ணீரில் நின்று சூரியனை வணங்குவார்கள். சென்ற ஐப்பசியில் அதற்கு இடம் தேடி எங்கள் குட்டையின் கீழ்ப்படியில் நிற்கலாமா என்று கேட்டு வந்தார்கள். தெளிந்த தண்ணீர் நிற்கும் அந்தப் பக்கத்தைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தது எங்கள் மகளிர் குழு. மாசி அறுப்புக்கு அதே பெண்களின் கணவர்களும் தம்பிகளும் அழைக்காமலேயே வந்து நின்றார்கள். நெல் அறுத்துப் பழகிய கைகள். எங்கள் ஊர்ப் பையன்கள் ஒரு கட்டு அறுப்பதற்குள் அவர்கள் மூன்று கட்டுச் சாய்த்தார்கள். சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு பையன் என்னிடம், இந்தக் கோரையில் அவர்கள் ஊரில் பாய் முடைவார்கள் என்று பாதி இந்தியும் பாதி தமிழுமாகச் சொன்னான். விருந்தாளியாக வந்தவன் வேலை தெரிந்தவனாக நின்ற அந்த நேரம் எனக்கு மிகப் பெரிதாகப் பட்டது.

ஆழமான பக்கத்துக்குப் பவானிசாகர்ப் பக்கமிருந்து ஒரு பரிசலை வாடகைக்கு எடுத்து வந்திருந்தோம். அறுத்த கட்டுகளை லாரி ட்யூபில் ஏற்றிக் கரைக்குத் தள்ளினோம். கரையில் பெண்கள் வரிசையாக நின்று கை மாற்றிக் கை மாற்றி டிராக்டருக்கு அனுப்பினார்கள். இரண்டு டிராக்டர் நிறைந்தது. அந்தப் பெட்டிகளில் போனது வெறும் கோரை இல்லை. எங்கள் தெருக்களின் குளியலறையும் சமையலறையும் ஓராண்டில் குட்டைக்குள் ஊற்றிய அழுக்கில் ஒரு பங்கு. அதை இறக்கி வெளியே அனுப்பும் வேலையில் ஊரே கை கோத்திருந்தது. இதைவிடக் கொண்டாட வேறென்ன வேண்டும்?

அறுத்ததை எங்கே கொண்டுபோவது என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். மாட்டுக்குப் போடுவதில்லை. கழிவுநீரில் வளர்ந்த செடிக்குள் ஈயம், குரோமியம் போன்ற உலோகங்கள் ஏறியிருக்கக்கூடும். காயவைத்து, சாணி கரைத்துத் தெளித்து, மக்கவைத்து, சாலையோர மரங்களுக்கு மட்டும் போடுகிறோம். கீரைப் பாத்திக்குக் கொடுங்கள் என்று கேட்ட சிலருக்கு மறுத்துவிட்டோம். முகம் சுளித்தார்கள். குட்டையிலிருந்து எடுத்ததைச் சோற்றுக்குள் திரும்பக் கொண்டுவர நமக்கு உரிமை இல்லை.

ஒன்பது மணிக்குப் பொங்கல் வைத்தோம். பட்டிப் பொங்கலுக்குத் தொழுவத்தில் சாணியால் கரை கட்டித் தெப்பக்குளம் அமைத்து, ஆவாரம்பூப் போட்டுக் கன்றுக்குட்டியை மிதிக்க விடுவது நம் பக்கத்து வழக்கம். நகரத்துக்குள் பட்டியும் இல்லை, கன்றும் அரிது. எங்கள் தெருவின் மூத்த அம்மாயி ஒருவர், குட்டைக் கரையில் தெப்பக்குளம் கட்டாமல் பொங்கல் இறக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றார். கட்டினோம். படுகையைத் தாண்டி வெளிவாயில் விழுகிற தண்ணீரை மொண்டு அதில் ஊற்றினோம். பால்காரர் வீட்டுக் கன்று மிதித்துத் தாண்டியது. வள்ளி கும்மிக் குழுப் பெண்கள் அந்த இடத்திலேயே ஆடினார்கள். பிறகுதான் மாநகராட்சி அதிகாரிகளும் மற்ற விருந்தினர்களும் வந்து, அறுத்த இடத்தில் இடைவெளி விழுந்த பகுதிகளில் நாற்று நட்டார்கள். தங்கள் புகைப்படக்காரர் வந்ததும் அந்த நேரத்தில்தான்.

இவ்வளவு மகிழ்ச்சியுடன் எழுதுகிறவன் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகவும் எழுத வேண்டும். வேர்த் தொட்டி எல்லாவற்றையும் தின்றுவிடாது. உப்பைத் தின்னாது.

பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்குச் சாயத் தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள், சாதா உப்போ சோடியம் சல்பேட்டோ. சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிடுவதோடு உப்பின் வேலை முடிந்தது. போட்ட உப்பு அத்தனையும் தண்ணீரோடு வெளியே வருகிறது. நிறத்தைக்கூட நுண்ணுயிர் ஓரளவு உடைக்கும். கரைந்த உப்பை எந்த வெட்டிவேரும் பொருட்படுத்தும் அளவுக்கு எடுத்துவிடாது. ஆர்.ஓ. சவ்வில் வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சி உலர்த்தி எடுத்தால் மட்டுமே உண்டு. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அந்த எல்லைகளை எல்லாம் தாண்டிய போர்வெல்களிலிருந்து மோட்டார் எடுத்தவன் நான். குழாயைக் கையால் பிடித்தால் துரு உதிர்ந்து உள்ளங்கையில் நிற்கும்.

ஒரத்துப்பாளையம் அணை இதற்குச் சாட்சியாக நிற்கிறது. நொய்யலின் குறுக்கே 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய அணை, சாயக் கழிவு தேங்கும் இடமானது. கீழே கரூர் வரை உழவர்கள் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று உழவரே வழக்காடிய ஊர் வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன நாட்களில் இந்த நகரம் பட்ட பாட்டை நாங்கள் எல்லாரும் அறிவோம். எனக்கும் கடையில் வேலை நின்றது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்குத் தொழில் மாறியது அந்த வலியின் வழியாகத்தான். அதற்காகப் பெரும் பணம் செலவழித்து முறையாக நடத்துகிறவர்களை நான் மதிக்கிறேன்.

ஆனால் சட்டத்துக்குப் பயந்து முறையாக நடத்துகிறவர்களுக்கு நடுவே, இரவில் டேங்கர் கொண்டுவந்து ஓடையில் திறந்துவிடுகிறவர்களும் உண்டு. எங்கள் படுகையின் ஒரு வரிசைக் கல்வாழை ஒரே இரவில் நுனி கருகி நின்றது. யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. புகார் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்திருக்கிறோம். கவலை என்னவென்றால், குட்டையில் செடி வைத்துவிட்டோம், இனி எதை விட்டாலும் செடி பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சு ஆங்காங்கே கிளம்புகிறது. நம் விழாக்கள் அந்தப் பேச்சுக்கு மறைப்பாகிவிடக் கூடாது. வீட்டுக் கழிவுநீருக்குச் செடி. சாயத்துக்கு ஆலைக்குள்ளேயே சுத்திகரிப்பு. இரண்டையும் கலக்கவே கூடாது.

வெளியே எடுக்கிறவர்களே தண்ணீரைக் காப்பாற்றுகிறார்கள் என்பதற்குக் கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலத்தைச் சொல்லலாம். அந்த மாநகரத்தின் கழிவுநீர் ஆழமில்லாத குளங்களில் வெயில் பட நிற்கிறது, பாசியாகிறது, பாசியை மீன் தின்கிறது, மீன் சந்தைக்குப் போகிறது. ஊர் அனுப்பிய சத்து மீனாக ஊருக்கே திரும்புகிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2002இல் சேர்ந்த அந்த நிலம் உயிரோடு இருப்பதற்குக் காரணம் நாள் தவறாத மீன்பிடிப்பு. நம் நஞ்சராயன் குளமும் 2022இல் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் இடம் பிடித்துவிட்டது. இமயத்தைத் தாண்டிப் பறந்து வருகிற வரித்தலை வாத்துகள் அங்கே இறங்குகின்றன. திருப்பூர்க்காரர்கள் அனைவருக்கும் பெருமைதான். அந்தப் பெருமை நிலைக்க வேண்டும் என்றால் அதற்கு மேலே இருக்கிற ஒவ்வொரு குட்டையும் தன் தெருக்களின் அழுக்கைத் தன்னிடமே நிறுத்தி, அறுத்து, வெளியேற்ற வேண்டும். சரணாலயப் பலகையில் அழகாக எழுதிவிட்டு மேலே இருப்பவர்கள் சாக்கடை அனுப்பிக்கொண்டிருந்தால் வாத்து எத்தனை ஆண்டு வரும்?

கோவையில் உக்கடம் பெரியகுளம் முதல் சிங்காநல்லூர்க் குளம் வரை எத்தனையோ தன்னார்வலர்கள் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு உழைத்திருக்கிறார்கள். அவர்களிடமும் ஆகாயத்தாமரை திரும்பத் திரும்ப வந்து மல்லுக்கட்டுகிறது. அவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதே: உங்கள் அறுப்பு நாளைப் பத்திரிகையில் போடச் சொல்லுங்கள்.

மாநகராட்சிக்கு என் வேண்டுகோள். குளச் சீரமைப்புக்கு ஒப்பந்தம் விடும்போது நடுவதற்கும் வேலி போடுவதற்கும் நடைபாதைக் கல் பதிப்பதற்கும் பணம் எழுதுகிறீர்கள். ஆண்டுக்கு இரண்டு அறுப்புக்கும், கசடுத் தொட்டியை வாருவதற்கும், அறுத்ததை மக்கவைக்க ஓர் இடத்துக்கும் தனித் தலைப்பில் பணம் எழுதுங்கள். எங்கள் குட்டைக்கு இதெல்லாம் இப்போது தெருவில் வசூல் செய்துதான் நடக்கிறது. பனியன் கம்பெனி ஒன்று டீசல் கொடுத்தது, மளிகைக் கடைக்காரர் அரிசி கொடுத்தார். ஊர் கொடுக்கும், தொடர்ந்து கொடுக்கும். ஆனால் டிராக்டருக்கும் பரிசலுக்கும் ஒவ்வொரு முறையும் கை ஏந்துகிற நிலையில் எந்தப் படுகையும் பத்தாண்டு தாங்காது. அதோடு, வேர்த் தொட்டியின் உள்வாயிலும் வெளிவாயிலும் தண்ணீரை எடுத்துச் சோதித்து, அந்த எண்களைக் கரையிலேயே பலகையில் எழுதி வையுங்கள். பள்ளிப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு வீட்டில் கேள்வி கேட்பார்கள்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆனி மாதம், தென்மேற்குக் காற்று வேகம் பிடிப்பதற்கு முன், அடுத்த அறுப்பு. மாசியில் ஓய்வில் விட்ட பங்கு இந்த முறை அரிவாளுக்கு வரும். தங்கள் செய்தியாளரையும் புகைப்படக்காரரையும் காலை ஐந்தரை மணிக்கு அனுப்பிவையுங்கள். முழுக்கை சட்டை போட்டு வரட்டும், கோரைத் தோகை கையைக் கீறும். அரிவாளும் ரப்பர் பூட்ஸும் நாங்கள் தருகிறோம், காலைச் சாப்பாடு மகளிர் குழுவின் பொறுப்பு. தேதி முடிவானதும் தங்கள் திருப்பூர் அலுவலகத்துக்கு நானே நேரில் வந்து சொல்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர்,
ஊத்துக்குளி சாலை, திருப்பூர்.